மையமற்ற குலங்கள் எந்த எண்களுக்குக் கிடைக்கும்?

குலம் (group) என்பது, எந்த இரண்டு உறுப்புகளைப் பெருக்கினாலும் விடை உள்ளேயே கிடைக்கும், அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாத ஒரு தொகுப்பு; பெருக்கினால் எதையும் மாற்றாத சமனி என்ற உறுப்பும், ஒவ்வோர் உறுப்போடும் பெருக்கினால் சமனியைத் தரும் எதிர்மறையும் அதில் உண்டு. ஓர் எண்ணைச் சொல்லி, அத்தனை உறுப்புகள் கொண்ட குலம் உண்டா என்று கேட்டால் பதில் எப்போதும் உண்டு என்பதுதான். சக்கரக் குலம், அதாவது ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பப் பெருக்கியே எல்லா உறுப்புகளும் கிடைக்கும் குலம், எந்த எண்ணுக்கும் கிடைக்கும். அதே கேள்வியில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பாருங்கள்: அந்தக் குலத்தின் மையத்தில் சமனி உறுப்பைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இப்போது 6 கிடைக்கும், 8 கிடைக்காது, 20 கிடைக்கும், 28 கிடைக்காது, 56 மறுபடி கிடைக்கும். ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். குலக் கோட்பாட்டின் முதல் சில பாடங்களில் வரும் கருவிகளே இதற்குப் போதும், அவற்றை வைத்தே வெகு தூரம் போகலாம்.

முதலில் சொற்கள். குலத்தின் வரிசை என்றால் அதன் உறுப்புகளின் எண்ணிக்கை. மையம் என்றால், இடப்பக்கம் வைத்துப் பெருக்கினாலும் வலப்பக்கம் வைத்துப் பெருக்கினாலும் குலத்தின் எல்லா உறுப்புகளோடும் ஒரே விடை தரும் உறுப்புகள். மையத்தில் சமனி மட்டும் மிஞ்சினால் அதை மையமற்ற குலம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இன்னொரு சொல்லும் வேண்டும். ஓர் உறுப்பை எடுத்து, அதன் ஒரு பக்கம் இன்னோர் உறுப்பையும் மறுபக்கம் அந்த இன்னொன்றின் எதிர்மறையையும் வைத்துப் பெருக்கும்போது முதல் உறுப்பு மாறிப்போனால், இரண்டாவது முதலாவதை அசைக்கிறது என்று சொல்வோம். மையமற்ற குலத்தில் சமனியைத் தவிர ஒவ்வோர் உறுப்பையும் ஏதாவது ஒன்று அசைத்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க யார் யாரை அசைக்கிறார்கள் என்ற கணக்குத்தான்.

அறவே முடியாத எண்களை முதலில் ஒதுக்கிவிடலாம். வரிசை ஒரே பகா எண்ணின் அடுக்காக இருந்தால் (2, 9, 16, 125 போல) மையம் ஒருபோதும் சமனியோடு நிற்காது. ஓர் உறுப்பை மற்றவை அசைத்து எத்தனை விதமாக மாற்ற முடியும் என்று எண்ணினால் அந்த எண்ணிக்கை குலத்தின் வரிசையை மீதியின்றி வகுக்கும், ஆகவே அது 1 ஆகவோ அந்தப் பகா எண்ணின் மடங்காகவோதான் இருக்கும். எண்ணிக்கை 1 என்றால் அந்த உறுப்பு மையத்தில் இருக்கிறது. மொத்த வரிசை அந்தப் பகா எண்ணால் வகுபடுகிறது, 1-க்கு மேற்பட்ட கூட்டங்கள் எல்லாமும் வகுபடுகின்றன, அப்படியானால் மையத்தின் அளவும் வகுபட வேண்டும். சமனி எப்படியும் அங்கே இருப்பதால் அது தனியாக இருக்க முடியாது. இந்தச் சின்ன வாதம் பின்னால் திரும்பத் திரும்பக் கைகொடுக்கும், அதன் கொஞ்சம் வலுவான வடிவத்தையும் சேர்த்து நினைவில் வையுங்கள்: இப்படிப்பட்ட குலத்தில் சமனியைத் தாண்டிய எந்த நார்மல் உட்குலமும் (யார் அசைத்தாலும் தனக்குள்ளேயே மாறும் உட்குலம்) மையத்தை சமனிக்கு வெளியிலும் ஓரிடத்தில் சந்திக்கும்.

அப்புறம் எளிதாகக் கிடைப்பவை. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள ஓர் ஒழுங்குப் பலகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுழற்சிகளும் பிரதிபலிப்புகளும் சேர்ந்து பக்க எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு உறுப்புகள் கொண்ட குலம். பிரதிபலிப்பு ஒவ்வொரு சுழற்சியையும் எதிர்த்திசைக்குத் திருப்புகிறது. இதில் மாறாமல் தப்பக்கூடியது அரைச் சுற்று ஒன்றுதான், பக்கங்கள் ஒற்றைப்படை என்பதால் அது இந்தக் குலத்தில் இல்லவே இல்லை. பிரதிபலிப்புகளும் ஒன்றையொன்று அசைக்கின்றன. ஆக 6, 10, 14, 18, 22 என்று 2-ஐ 1-க்கு மேற்பட்ட ஒற்றைப்படை எண்ணால் பெருக்கிக் கிடைக்கும் எல்லாமே நம் பட்டியலில் வந்துவிடும். இயல் எண்களில் ஏறக்குறைய கால் பங்கு ஒரே வீச்சில் முடிந்தது.

இரண்டு மையமற்ற குலங்களின் நேரடிப் பெருக்கலும் (ஒன்றிலிருந்து ஓர் உறுப்பு, மற்றதிலிருந்து ஓர் உறுப்பு என்று ஜோடி சேர்த்து, தனித்தனியே பெருக்கும் குலம்) மையமற்றதே, ஏனென்றால் பெருக்கலின் மையம் மையங்களின் பெருக்கல். இதைப் பலகோணங்களோடு சேர்த்தால் பலன் எதிர்பாராத அளவுக்குப் பெரிது. 36 என்பது 6 × 6, இரண்டு முக்கோணங்கள். 60 என்பது 6 × 10, 84 என்பது 6 × 14. பொதுவாக 4-ஐ ஓர் ஒற்றைப்படைப் பகு எண்ணால் பெருக்கினால், அந்தப் பகு எண்ணை இரண்டாக உடைத்து ஆளுக்கு ஒரு 2 கொடுத்தால் போதும். ஓர் எண்ணில் எத்தனை 2 இருக்கிறதோ குறைந்தது அத்தனை ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் (திரும்ப வருவதையும் எண்ணி) இருந்தால் மையமற்ற குலம் தயார், வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

இதிலிருந்து வரும் முடிவு எனக்கு மிகவும் பிடித்தது: கிட்டத்தட்ட எல்லா இரட்டை எண்களும் பட்டியலில் இருக்கின்றன. விதிவிலக்குகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும், ஆனால் மேலே போகப்போக இரட்டை எண்களில் அவற்றின் பங்கு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கிவிடும். நிறுவுவதும் கடினமில்லை. 1024-ஆல் வகுபடுபவை இரட்டை எண்களில் 512-க்கு ஒன்றுதான். மற்றவற்றில் அதிகபட்சம் ஒன்பது 2-கள் இருக்கும், அவை தோற்க வேண்டுமானால் ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் ஒன்பதுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இப்படிக் காரணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினால் அந்த எண்கள் பகா எண்களைப் போலவே மேலே போகப்போக அரிதாகிவிடும், 1900-இல் எட்மண்ட் லாண்டாவ் அவற்றின் அடர்த்தியைத் துல்லியமாகக் கணக்கிட்டார். 1024-க்குப் பதிலாக இன்னும் பெரிய அடுக்கை வைத்தால் மிச்சத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம்.

சரி, தோற்கும் இரட்டை எண்கள் எவை? 28-ஐப் பார்ப்போம். 1872-இல் லுட்விக் சீலோ நிறுவிய தேற்றத்தின்படி, 28 உறுப்புகள் கொண்ட குலத்தில் 7 உறுப்புகள் கொண்ட உட்குலங்களின் எண்ணிக்கை 4-ஐ வகுக்க வேண்டும், 7-ஆல் வகுத்தால் மீதி 1 தரவும் வேண்டும். 1-ஐத் தவிர வேறு வழியில்லை. ஒரே ஓர் உட்குலம் என்பதால் அது நார்மல், யார் அசைத்தாலும் தனக்குள்ளேயேதான் மாறும். 7 உறுப்புகள் கொண்ட சக்கரக் குலத்தை 6 விதமாக அசைக்கலாம். 4 உறுப்புகள் கொண்ட உட்குலம் அதை அசைக்கப் பார்த்தால், 6-ஐ 4 வகுக்காது என்பதால், நான்கில் சமனி அல்லாத ஒன்றாவது 7-ஐ அசைக்காமல் விட்டுவிடும். 4 உறுப்புள்ள குலம் எப்போதும் பரிமாற்றுக் குலம் (எந்த இரண்டு உறுப்புகளை எந்தப் பக்கம் வைத்துப் பெருக்கினாலும் ஒரே விடை), ஆக அந்த ஒன்றை மற்ற மூன்றும் அசைக்காது. யாரையும் அசைக்காத உறுப்பு, அதாவது மையத்தில் ஓர் உறுப்பு. 28 போயிற்று.

20-இல் இதே கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது, ஏனென்றால் 5 − 1 என்பது 4. ஐந்தால் வகுத்துக் கிடைக்கும் மீதிகளின் மேல், பூஜ்யமல்லாத ஓர் எண்ணால் பெருக்கி இன்னோர் எண்ணைக் கூட்டும் செயல்களை எல்லாம் எடுத்துக்கொண்டால் 4 × 5 = 20 செயல்கள், அவை சேர்ந்து ஒரு மையமற்ற குலம். 4-ஐ ஒற்றைப்படைப் பகா எண்ணால் பெருக்கிக் கிடைக்கும் எண்களின் விதி இதிலேயே அடங்கிவிட்டது: அந்தப் பகா எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகா எண் 3 ஆக இருக்க வேண்டும். 3-க்கு மட்டும் ஏன் சலுகை? அங்கே திசை மாறிவிடுகிறது. 4 − 1 என்பது 3, ஆகவே 3-ஆல் 4-ஐ அசைக்க முடிகிறது. நான்முகியின் 12 சுழற்சிகள் இப்படிப்பட்டவை: இரண்டு 2-கள் (2 உறுப்புள்ள குலங்கள்) நேரடிப் பெருக்கலாக ஒரு கட்டாகச் சேர்ந்து நிற்க, அந்தக் கட்டை 3 சுழற்றுகிறது.

இந்தக் கட்டு என்ற கருத்துத்தான் விஷயத்தின் மையப்புள்ளி என்று நினைக்கிறேன். ஒரு பகா எண் இன்னொன்றை அசைக்க முடியுமா என்பது அந்த இன்னொன்று எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒற்றை 2-ஐ எதுவும் அசைக்காது. 2² − 1 = 3, ஆக இரண்டு 2-களை 3 அசைக்கும். 2³ − 1 = 7, மூன்று 2-களை 7 அசைக்கும். 2⁴ − 1 = 15, நான்கு 2-களை 5 அசைக்கும். 12, 56, 80 பட்டியலில் இருப்பதற்கு இதுதான் காரணம். 7-ஐ வைத்துக்கொண்டு ஒவ்வொரு 2 ஆகச் சேர்த்துக்கொண்டே போனால் அழகான ஒரு வரிசை வருகிறது. 14 உண்டு, அது எழுகோணம். 28 இல்லை. 56 உண்டு, மூன்று 2-களின் கட்டை 7 அசைக்கிறது. 112-க்குப் போனால் நான்காவது 2 அநாதையாக நிற்கிறது, 7-ஆல் 2-களை மூன்று மூன்றாகத்தான் அசைக்க முடியும். 224-இலும் அதே நிலைமை, இரண்டு 2-கள் மிஞ்சுகின்றன. மிஞ்சியது 7-ஐத் திருப்பிப் போடட்டுமே, எழுகோணத்தில் பிரதிபலிப்பு செய்வது அதுதானே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், ஆனால் திருப்புவதும் சுழற்றுவதும் சேர்ந்த 14 உறுப்புகளும் 2-களின் ஒரு கட்டின் மேல் செயல்பட வேண்டுமானால் மூன்று 2-கள் போதாது, ஆறு வேண்டும். 448 = 64 × 7 வரும்போது ஆறு 2-கள் இரண்டு கட்டுகளாகப் பிரிந்து 7-க்குக் கீழே வந்துவிடுகின்றன, ஆக அது உண்டு. 896 = 64 × 14 வரும்போது திருப்பும் 2-க்கும் இடம் கிடைத்துவிடுகிறது, அதுவும் உண்டு.

8-ஐ ஒற்றைப்படைப் பகா எண்ணால் பெருக்கினால் விதி இன்னும் கடுமையாகிறது: 3, 7 என்ற இரண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்களும், அவ்வளவுதான். 24 உண்டு (நான்கு பொருள்களின் எல்லா வரிசைமாற்றங்களும்), 40 இல்லை, 56 உண்டு, 88 இல்லை, 104 இல்லை, 136 உண்டு.

ஒற்றைப்படை எண்களில் பலகோணம் உதவாது, ஒவ்வொன்றுக்கும் போராட வேண்டும். 21 உண்டு, 7 − 1-ஐ 3 வகுக்கிறது. 15 இல்லை, அந்த வரிசையில் சக்கரக் குலம் ஒன்றுதான் இருக்கிறது. 39, 55, 57, 93 ஆகியவை 21-ஐப் போன்றவை. 75 கொஞ்சம் சுவையானது: 5 − 1 என்ற 4-ஐ 3 வகுக்காது, ஆனால் 5² − 1 என்ற 24-ஐ வகுக்கும், ஆக இரண்டு 5-களின் கட்டை 3 அசைக்கிறது. 63-ஐப் பார்த்தால் 21-இன் மடங்குதானே என்று ஆசை வரும், ஆனால் 28-இல் நடந்தது அப்படியே இங்கும் நடக்கிறது, இரண்டாவது 3-க்கு வேலை இல்லை. 105 இல்லை, 3-க்கும் 7-க்கும் இடையில் 5 யாரோடும் சேராமல் நிற்கிறது. 5-ஐ இரட்டித்து 525 ஆக்கினால் உண்டு, 3 ஒன்றே 25-இன் கட்டையும் 7-ஐயும் அசைத்துவிடும். 100 வரை எண்ணிப் பார்த்தால் மொத்தம் 45 எண்கள் தேறுகின்றன (1 உறுப்புள்ள குலத்தையும் சேர்த்து), அவற்றில் 38 இரட்டை, 7 மட்டுமே ஒற்றை: 1, 21, 39, 55, 57, 75, 93. இரட்டையில் தோற்பவை 2, 4, 8, 16, 28, 32, 40, 44, 64, 76, 88, 92.

1963-இல் வால்டர் ஃபைட்டும் ஜான் தாம்சனும் 255 பக்கக் கட்டுரை ஒன்றில், ஒற்றைப்படை வரிசையுள்ள எந்தக் குலத்தையும் பரிமாற்று அடுக்குகளாகப் பிரிக்கலாம் என்று நிறுவினார்கள். நம் கணக்கில் இதற்குப் பொருள் என்னவென்றால், இரட்டை எண்களில் 60, 168, 360 போன்ற வரிசைகளில் உடைக்கவே முடியாத எளிய குலங்கள் நேராக வந்து மையமற்ற குலமாக நிற்பதைப் போன்ற உதவி ஒற்றைப்படையில் கிடையாது. பரிமாற்றுத் துண்டுகள் ஒன்றையொன்று அசைப்பதை வைத்தே எல்லாவற்றையும் கட்ட வேண்டும்.

இதுவரை படித்தவர்களுக்கு ஓர் ஊகம் தோன்றியிருக்கும்: எண்ணின் பகாக் காரணிகளை எழுதி, எது எதை அசைக்க முடியுமோ அவற்றை அம்புக்குறியால் இணைத்து, யாரும் தனித்து நிற்கவில்லை என்றால் மையமற்ற குலம் இருக்கும். தனித்து நின்றால் கிடையாது என்பது எந்தக் காரணியும் திரும்ப வராத எண்களுக்குச் சரிதான், ஆனால் மறுதலை தவறு. காரணி திரும்ப வராத எண்களில் அதைக் காட்டும் மிகச் சிறியது 609.

609 = 3 × 7 × 29. 3-ஆல் 7-ஐ அசைக்க முடியும். 29 − 1 = 28, ஆக 7-ஆல் 29-ஐ அசைக்க முடியும். 28-ஐ 3 வகுக்காது, ஆகவே 3-க்கும் 29-க்கும் நேரடித் தொடர்பு இல்லை. மூவரும் ஒரு சங்கிலியில் இருக்கிறார்கள், 21-க்கும் மையமற்ற குலம் உண்டு, 203-க்கும் உண்டு. ஆனால் 609-க்கு இல்லை. காரணம் இதுதான். 29 உறுப்புள்ள உட்குலம் ஒன்றே ஒன்று, அது நார்மல். மீதி 21 உறுப்புள்ள ஓர் உட்குலம் அதன் மேல் செயல்படுகிறது. அந்த 21 சக்கரக் குலமாக இருந்தால் அதிலுள்ள 3 தன் கூட்டாளி 7-ஐயும் அசைக்காது, 29-ஐயும் அசைக்காது, நேராக மையத்துக்குப் போய்விடும். 21-க்குள் 3 உண்மையிலேயே 7-ஐ அசைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 29-ஐ அசைக்கும் விதங்கள் எல்லாம் சேர்ந்து 28 உறுப்புள்ள ஒரு பரிமாற்றுக் குலம், பரிமாற்றமில்லாத 21 அதற்குள் போகும்போது 7 முழுவதும் நசுங்கி மறைந்து அதிகபட்சம் ஒரு 3 மட்டுமே மிஞ்சும், 28-ஐ 3 வகுக்காததால் அதுவும் மறைந்துவிடும். அப்போது 29-ஐ அசைக்க ஆளே இல்லை, 29 மையத்தில் உட்கார்ந்துவிடும். சுருக்கமாக, ஒரே ஒரு 7-ஆல் ஒரே சமயத்தில் 3-ஆல் அசைக்கப்படவும் 29-ஐ அசைக்கவும் முடியாது.

வர்க்கக் காரணி இல்லாத எண்களுக்கு இதுவே முழு விதியாகவும் ஆகிறது. இப்படிப்பட்ட வரிசைகளின் குலங்கள் எல்லாவற்றையும் ஓட்டோ ஹோல்டர் 1895-இல் வகைப்படுத்திவிட்டார், எல்லாமே ஒரு சக்கரக் குலம் இன்னொரு சக்கரக் குலத்தை அசைப்பதால் வருபவைதான். ஆகவே பகாக் காரணிகளை அசைப்பவை, அசைபவை என்று இரண்டு அணிகளாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு காரணியும் ஓர் அணியில் மட்டுமே இருக்கும், அசைப்பவை ஒவ்வொன்றுக்கும் எதிரணியில் அசைக்க ஒன்றாவது வேண்டும், அசைபவை ஒவ்வொன்றுக்கும் எதிரணியில் தன்னை அசைக்க ஒன்றாவது வேண்டும். அப்படிப் பிரிக்க முடிந்தால் உண்டு, முடியாவிட்டால் இல்லை. 3 × 7 × 43-இல் 43 − 1 = 42-ஐ 3 வகுக்கிறது, 3 ஓர் அணியிலும் 7, 43 இரண்டும் மற்ற அணியிலும் நின்றால் முடிந்தது, 903 உண்டு. 5 × 11 × 23 = 1265-இல் 609-இன் கதையே திரும்ப நடக்கிறது.

வர்க்கங்கள் வந்துவிட்டால் இவ்வளவு சுத்தமான விதியை எதிர்பார்க்க முடியாது. எந்த வரிசையில் எல்லாக் குலங்களும் தங்கள் பகா அடுக்குத் துண்டுகளின் நேரடிப் பெருக்கலாகவே பிரிந்துவிடும் என்பதற்கு கெர்ஹார்ட் பாட்செர்ஸ்கி 1959-இல் முழு விடை கொடுத்தார்: எண்ணுக்குள் இருக்கும் எந்தப் பகா அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தாலும் அது எண்ணின் வேறு எந்தப் பகாக் காரணியாலும் வகுபடக் கூடாது. அப்படிப்பட்ட எண்களில், 1-ஐத் தவிர, மையமற்ற குலம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அந்த நிபந்தனை தவறுவதால் மட்டும் மையமற்ற குலம் கிடைத்துவிடாது, 28-உம் 63-உம் 609-உம் அந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

609-இலேயே வர்க்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். 3-ஐ இரட்டித்தால் 1827. பயன் இல்லை: 9 உறுப்புள்ள குலம் பரிமாற்றுக் குலம், அதில் 7-ஐ அசைக்காத ஓர் உறுப்பு எப்படியும் மிஞ்சும், 29-ஐ 3-இன் அடுக்கு எதுவும் அசைக்காது, ஆக அது மையத்தில். 29-ஐ இரட்டித்தால் 17661. இப்போது 29² − 1 = 840, இதை 21 வகுக்கிறது, ஆக 21 உறுப்புள்ள சக்கரக் குலம் முழுவதும் சேர்ந்து இரண்டு 29-களின் கட்டை அசைக்கிறது, 3 இனி 7-ஐ நம்பி இருக்க வேண்டியதில்லை. 7-ஐ இரட்டித்தால் 4263. அது 21 × 203, ஒரு 7 மூன்றால் அசைக்கப்படுகிறது, இன்னொரு 7 இருபத்தொன்பதை அசைக்கிறது, இரண்டு குலங்களின் நேரடிப் பெருக்கல் மையமற்றது.